ஜன்னலோரத்து ஆம்ப்ளிஃபயர்

உயிரே போனாலும் சரி, ஆம்ப்ளிஃபயர் வீட்டை விட்டுப் போகாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் ஆஸ்டின் இந்தச் சபதத்தை மூன்று முறை எடுத்துவிட்டார். நாலாவது முறை எடுக்கும்போது லிஃப்ட் வந்துவிட்டது.

அவர் கிடாரின் சத்தத்தைப் பெருக்கும் அது லேசுப்பட்ட ஆம்ப்ளிஃபயர் அல்ல. உள்ளே கண்ணாடி வால்வுகள் சிவந்து எரியும் பழைய ரகம். முப்பது கிலோ. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது என்பதால் மனைவி ஜெரூஷா அதற்கு "உங்க மூத்த சம்சாரம்" என்று பேர் வைத்திருந்தாள். ஹாலில் காற்றும் வெளிச்சமும் வரும் ஒரே ஜன்னலோரத்தில் மூத்தவள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்கூலில் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கும் இளையவளோ இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருஷமாகக் கட்டிலில் முதுகு வளைத்துப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதெல்லாம் அந்த ஜன்னலோரத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி.

போன ஞாயிறு கல்யாண நாள். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு டிஜிட்டல் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தாள். கிடாரை அதில் செருகி ஒரு சாதாரண ஸ்பீக்கரில் இணைத்தால் போதும், எந்த ஆம்ப்ளிஃபயர் வேண்டுமோ அதன் சத்தத்தை அப்படியே போலி செய்து தரும். ஆஸ்டினின் ஆம்ப்ளிஃபயர் அதில் நாற்பத்திரண்டாம் நம்பர்.

"இது பொம்மை, ஜெரூ. வால்வு சூடாகி வர்ற சவுண்டுக்கு ஒரு உசிர் இருக்கு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

"உனக்கு அப்படித்தான் கேக்கும். என் கண்ணைக் கட்டி விடு. பத்துக்குப் பத்து சொல்றேன்."

"ஒண்ணு தப்பினா?"

"ஒண்ணு தப்பினாலும் ஆம்ப்ளிஃபயரை சர்ச்சுக்கே குடுத்துடறேன்!"

ஆஸ்டினின் வாய் மூளையைக் கலந்துகொண்டு பேசிய வழக்கமே கிடையாது. ஜெரூஷா உடனே, "சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி" என்று பரீட்சைத் தேதியை அறிவித்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவர் லீவு போட்டு, சர்ச்சிலிருந்து ஒரு ஸ்பீக்கரை இரவல் வாங்கி வந்து ஸ்டூலில் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தார். பொம்மை என்று சொன்ன சனியன், ஆம்ப்ளிஃபயரின் பழைய இரைச்சலைக்கூட விடாமல் போலி செய்தது. ஒரு சமயம் வித்தியாசம் இருப்பது போலிருந்தது. மறு சமயம் இல்லாதது போலிருந்தது. உட்கார்ந்தார், எழுந்தார், பால்கனிக்குப் போனார், திரும்பி வந்தார். இருப்புக் கொள்ளவில்லை.

வழி காட்டியவர் கீழ் வீட்டுப் பட்டாபிராமன். செவ்வாய்க்கிழமை அதே லிஃப்டில் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க வாசிச்சா எங்காத்து ஃபேன் ஆடறது சார்!"

ஆஸ்டினுக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய், குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் மாட்டியிருக்கும் செருப்பைக் கழற்றிப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் வாசித்தால் டைல்ஸ் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டியது. ஸ்டூல் மேலிருந்த ஸ்பீக்கருக்குத் தரை அசையவில்லை. இனிக் காது எதற்கு? கால் போதும்! சனிக்கிழமை வரை வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்து பாதத்தைப் பழக்கினார்.

சனிக்கிழமை நாலு மணி. ஜெரூஷா காலையிலேயே ஹாலைத் துடைத்து, ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் ஒரே போர்வையால் தரை வரை மூடியிருந்தாள். நடுவர் பட்டாபிராமன், பென்சிலும் பேப்பருமாக. கீழே போய் அவரை அழைத்து வந்த ஆஸ்டின் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"செருப்பு எதுக்குக் கழட்டறீங்க?" என்றாள் ஜெரூஷா.

"சங்கீதம்மா. ஒரு மரியாதை வேணாமா?"

"பேஷ்!" என்றார் பட்டாபிராமன்.

துப்பட்டாவால் கண்ணைக் கட்டியாயிற்று. அவர் வாசிக்க, அவள் சுவிட்சைத் தட்டினாள். முதல் மீட்டலுக்கே காது, "நம்ம ஆம்ப்ளிஃபயர்டா!" என்று சொல்ல வந்தது. பாதம் அசைவில்லை என்றது. நீ சும்மா இரு என்று காதை அடக்கிவிட்டு, "டிஜிட்டல்!" என்றார். அடுத்ததில் டைல்ஸ் கிச்சுகிச்சு மூட்டியது. "ஆம்ப்ளிஃபயர்!" ஒவ்வொரு தடவையும் காது முணுமுணுத்தது, ஒவ்வொரு தடவையும் கால் ஜெயித்தது. பத்தும் முடிந்தபோது ஆஸ்டினின் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்திருந்தது.

"எவ்வளவு சார்?"

பட்டாபிராமன் தொண்டையைக் கனைத்தார். "பத்தும் தப்பு சார்."

"பத்துமா?"

"ஒண்ணுகூடத் தேறலை."

ஜெரூஷா போர்வையை இழுத்தாள். ஆம்ப்ளிஃபயர் நாலாக மடித்த கால்மிதி மெத்தைகளின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கர் ஸ்டூலிலிருந்து இறங்கி வெறும் டைல்ஸில் நின்றது.

"இது போங்கு! நீ மாத்தி வச்சுட்டே!"

"மாத்தினா என்னங்க? காதால கேக்கறவருக்குக் கால்மிதி எங்க இருந்தா என்ன?"

ஆஸ்டின் காலால் செருப்பைத் தேடினார். நடுவர் பென்சிலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"குருட்டாம்போக்குல சொல்லியிருந்தாலே நாலஞ்சாவது சரியா வந்திருக்கும்" என்றாள் ஜெரூஷா. "பத்தும் தப்பா வரணும்னா, காப்பி அடிச்சாத்தான் முடியும். தப்பான பேப்பரைப் பார்த்து."

"உனக்கு எப்படி..." என்றார் ஆஸ்டின், குரல் இறங்கி.

"குதிகால் வலின்னு பாத்ரூமுக்குக்கூட செருப்போட போற மனுஷன், செவ்வாய்க்கிழமையிலேர்ந்து வெறுங்காலோட உலாத்தறீங்க. இருபது வருஷம் எக்ஸாம் ஹால்ல நின்னவ நான். அது சரி, மொதல் தடவை உங்க காது என்னங்க சொல்லுச்சு?"

"ஆம்ப்ளிஃபயர்னு."

"அது ஆம்ப்ளிஃபயர்தான்."

ஆஸ்டின் பத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். காது முணுமுணுத்த பத்தும் சரி. அழுகை வந்தது. பட்டாபிராமன் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் நாலு பேர் தோளில் சர்ச்சுக்குக் குடிபோனாள். சாயங்காலம் ஜெரூஷா ஜன்னலோரம் புது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் திருத்தினாள். அவள் பக்கத்தில் ஆஸ்டின், காதில் ஹெட்ஃபோனும் கையில் கிடாருமாக நாற்பத்திரண்டாம் நம்பரை மீட்டியபடி, தன்னையறியாமல் வெறுங்காலால் டைல்ஸைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் தலை நிமிராமலே கை நீட்டி அவர் ஹெட்ஃபோனை ஒரு பக்கம் விலக்கிச் சொன்னாள்:

"செருப்பைப் போட்டுக்கங்க. இனிமே தரை ஆடாது."