மறியலில் வாசித்த மூன்றாம் இயல்

நாலு பேர் கைதட்டினால் எனக்குக் கால் நகராது. இது எனக்கே ஒரு நாள்தான் தெரிந்தது. எட்டாவதோடு பள்ளியை விட்டு, லாரி, செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று சுற்றியவனுக்கு யார் கைதட்டப் போகிறார்கள்? ஒரே ஒரு முறை தட்டினார்கள். அதில் இன்னொருவர் படிப்பு போயிற்று.

சலீம் பாய் கள்ளக்குறிச்சி மளிகைக்கடைக்காரர் மகன். கல்வராயன் மலைப் பயிர்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். முடித்தால் கல்லூரி வேலை, இல்லையென்றால் அப்பா கடையில் பருப்பு நிறுக்க வேண்டியதுதான். மலையில் அவரை வீடு வீடாக அழைத்துப் போவது என் வேலை. மொத்தம் ஐந்து இயல்கள். முதல் இயலைக் கடைசியில்தான் எழுதுவேன் என்பார். (கூரை போட்டுவிட்டுக் கடைகால் தோண்டுவார்களா? படித்தவர்கள் தோண்டுவார்கள் போல.) அதையும் எழுதி முடித்து, நான்கு இயல்கள் தட்டச்சாகிவிட்டன. மூன்றாவது மட்டும் வெள்ளிமலையில் என்னிடம் இருந்தது. மிச்ச வீடுகளின் விளைச்சலைக் கேட்டு நிரப்பச் சொல்லிவிட்டு, காய்ச்சலோடு மலை இறங்கியிருந்தார். அதற்கு வேறு படி கிடையாது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். ஒப்படைக்கும் நாள் நெருங்க, எப்படியாவது கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். பஸ் ஓடவில்லை. இயலைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே இறங்கினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலையின் குறுக்கே மறியலுக்காக வெட்டிச் சாய்த்த ஒரு புளியமரம் கிடந்தது. பேச வரவேண்டியவர் வராததால் ஒரு கூட்டம் வெயிலில் வாடி உட்கார்ந்திருந்தது.

"பையில இன்னாய்யா?" என்றார் ஒரு மீசைக்காரர்.

"ஆராய்ச்சிங்க. மலை சனங்க நெலமைய எழுதினது."

"பேச வந்த ஆளா? சொல்லக்கூடாதா! ஏறு மரத்து மேல."

"இல்லீங்க, நான் கள்ளக்குறிச்சிக்குப் போய்க்கினு..."

"ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயேன். ஆரு வேணான்றது?"

ஏறினேன். சொந்தமாகப் பேச வராததால் இயலைப் பிரித்தேன். "சாமை!" என்று முழங்கினேன். "ஏக்கருக்கு இரண்டே மூட்டை!" கைதட்டினார்கள். "தினை! அதுவும் இல்லை!" விசில் பறந்தது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (வியர்வையாகவும் இருக்கலாம்.) கடைசியில் மீசைக்காரரே, "போதும்பா, நீ கெளம்பு" என்றார். நான் கிளம்பவில்லை. அடிக்குறிப்புகளையும் வாசித்தேன்.

அப்போதுதான் போலீஸ் வேன் வந்தது. கூட்டம் கரும்புத் தோட்டத்துக்குள் மறைந்தது. மரத்தின் மேல் நான் மட்டும் நின்றேன்.

"தலைவரே, எறங்குங்க" என்றார் ஏட்டு. இறங்கியதும் மரியாதை முடிந்தது. தாள்களைப் புரட்டிய இன்ஸ்பெக்டர், "சாமைக்கும் மறியலுக்கும் இன்னாடா சம்மந்தம்?" என்றார்.

"எனக்கும் தெரிலீங்கய்யா."

அதற்குத் தனியாக அடி விழுந்தது. இயலைச் சாட்சிப் பொருள் என்று உள்ளே வைத்தார்கள். அது திரும்பவே இல்லை. நான் திரும்பினேன், ஒரு பல் குறைவாக.

இரண்டுக்குப் பிறகு நான்கு வரும் ஆய்வேட்டைச் சலீம் பாய் கொடுத்துப் பார்த்தார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி மலையேறலாம் என்றேன். அதற்குள் அவர் அப்பா படுத்துவிட்டார், கடைக்கு ஆள் இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்றும் அந்தக் கடையில் எனக்கு 'மூணாம் இயல்' என்றுதான் பெயர். போன மாதம் அவர் பேத்தி கேட்டது: "தாத்தா, இவருக்கு ஏன் இப்டி பேரு?"

சலீம் பாய் சாமை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டும் ஒண்ணாத்தான் காணாமப் போச்சு கண்ணு. இது மட்டும் திரும்பி வந்துச்சு."