எம்டன் இரும்பு

இரண்டாவது உலக மகா யுத்தத்தின் நாலாவது வருஷத்தில், பிரிட்டிஷ் சர்க்காரையும் ஜெர்மன் சாமர்த்தியத்தையும் ஒரே சமயத்தில் தோளில் தாங்கிய ஒரே மனிதர் கரையான்சாவடி வரத நாயக்கர்தான். சரித்திரக்காரர்கள் இதை எழுதாமல் விட்டது அவர்களுடைய கஷ்டம்.

காலையில் பூந்தமல்லி யுத்த நிதிக் கமிட்டியில் ‘ஜெர்மானியன் ஒழிக’ என்று தீர்மானம் கொண்டுவருவார். மத்தியானம் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி, கொட்டகையில் நின்ற தம்முடைய ஜெர்மன் காருக்கு ஒரு கும்பிடு போடுவார். இரண்டிலும் பொய் கிடையாது. பெரிய மனிதர்களுடைய மனசில் நாலைந்து அறைகள் உண்டு. நம்மைப் போல ஒற்றை அறைக் குடித்தனமா?

அந்தக் காரை யுத்தம் மூண்ட வாரத்தில், அவசரமாக மூட்டை கட்டிய ஒரு ஜெர்மன் வியாபாரியிடமிருந்து வாங்கினார். அப்போதே அதற்குப் பதின்மூன்று வயசு. நிறுத்த இடம் வேண்டுமே? பத்து ஜோடி உழவு மாடுகளும் ‘நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு’க் கொட்டகையிலிருந்து வேப்பமரத்தடிக்கு மாற்றப்பட்டன. பத்து ஏர்களும் ஒரு மூலையில் சாத்தப்பட்டன. காரோடு வந்த ஜெர்மன் பாஷைப் புத்தகத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் பூ வைக்கப்பட்டது. நாயக்கர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தலையை ஆட்டுவார். ஒரு எழுத்தும் தெரியாதவர் அவ்வளவு பொருத்தமான இடங்களில் தலையாட்டுவது சாமானிய வித்தையல்ல.

ரிப்பேர் வேலைக்கு வேம்புலி வந்தான். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருஷம் சுத்தியல் பிடித்துவிட்டு, குமணன்சாவடி கூட்டு ரோட்டில் சொந்தப் பட்டறை வைத்தவன். வந்த முதல் நாளே நோயைக் கண்டுபிடித்தான். என்ஜினைத் தாங்கும் போல்ட் ஒன்று ஒடிந்திருந்தது. மறுநாள் ஒரு புதுப் போல்ட்டைக் கொண்டுவந்து மாட்டினான். கார் இருமியது, கனைத்தது, ஓட ஆரம்பித்தது.

“எங்கடா வாங்கினே இந்த போல்ட்ட?” என்றார் நாயக்கர், முகமெல்லாம் பல்லாக.

“வாங்கல நைனா. நானே அட்ச்சேன். இன்னும் சூடுகூட ஆறல.”

நாயக்கர் முகத்திலிருந்த பல்லெல்லாம் உள்ளே போயிற்று.

“கழட்டு.”

“ஓடிகினு கீது நைனா!”

“அதான் தப்புன்றேன். ஜெர்மன் வண்டி நாட்டு இரும்புல எப்படிடா ஓடும்? ஏதோ என் மூஞ்சிக்காக ஓடுது. உள்ளுக்குள்ள அதுக்கு இன்னா வேதனையோ! கழட்டு!”

கார் வேதனையிலிருந்து விடுபட்டு, பழையபடி நின்றது.

அசல் பாகம் வேண்டுமென்று நாயக்கர் சர்க்காருக்கு மனுப் போட்டார். ‘நாம் தற்சமயம் ஜெர்மனியோடு யுத்தம் செய்துகொண்டிருப்பதை அடியேன் அறிவேன். இருப்பினும் யுத்தத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரே ஒரு போல்ட்டை மட்டும் தருவித்துக் கொடுக்கும்படி’ என்று போயிற்று அந்த மனு. பதிலாக ஏட்டு எத்திராஜ் வந்தார். இரண்டு சொம்பு மோர் குடித்தார். “விசாரணை முடிஞ்சிது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தான் வேம்புலி. தான் அடித்த போல்ட் பட்டறையில் கிடந்து தன்னையே முறைப்பது போலிருந்தது. அதை எடுத்துப் புளித்தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டுத் துருவேற்றினான். பழைய இங்கிலீஷ் பேப்பரில் சுற்றினான். கொட்டகைக்குள் நுழைந்து, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“எம்டன், நைனா.”

போன யுத்தத்தில் எம்டன் என்கிற ஜெர்மன் கப்பல் ஒரு ராத்திரி வந்து மெட்ராஸ் மேல் குண்டு போட்டதும், பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடியதும் குழந்தைக்கும் தெரியும். அந்தக் குண்டுகளின் துண்டுகள் பட்டணத்தில் வீட்டுக்கு வீடு பரணில் இருந்தன. எல்லாவற்றையும் வாங்கி எடை போட்டிருந்தால் எம்டன் கப்பலைவிட அரை டன் கூடவே தேறியிருக்கும்.

“எங்க மாமனாரு அப்போ ஹார்பர்ல மூட்ட தூக்கிகினு இருந்தாரு. மறுநாளு காலைல கூடைல வாரிகினு வந்துட்டாரு. கண்ணாலத்துல எனுக்குச் சீதனமா குட்த்தாரு. அத்த உருக்கித்தான் அட்ச்சேன்.”

நாயக்கர் போல்ட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஜெர்மன்காரன் தீர்க்கதரிசிடா! இருபத்தொம்பது வருசம் கழிச்சு இங்க ஒரு வண்டிக்கு போல்ட்டு வேணும்னு தெரிஞ்சு, அன்னைக்கே கப்பல்ல அனுப்பியிருக்கான் பாரு. கப்பல் கூலிகூடக் கேக்கல!”

கார் ஓடிற்று. பாகத்தின் பிறப்பிடம் மாறினால் வண்டியின் வலி போய்விடும் என்ற இந்த உண்மையை ஜெர்மனியிலேயே இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று கேள்வி.

ஒரு போல்ட்டோடு விட்டதா? ஸ்பிரிங் பட்டைக்குக் கவ்வி, என்ஜினுக்குத் தாங்கி, கதவுக்குக் கீல், பிரேக்குக்கு நீளக் கம்பி என்று வாரத்துக்கு ஒன்றாகக் கார் கேட்டது. “மாமனாரு கூடைல இன்னும் கீதா?” என்று நாயக்கர் கேட்டார். “கீது நைனா” என்றான் வேம்புலி. கூடை இருந்தது, இரும்புதான் இல்லை. நாட்டிலிருந்த இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கையைப் பிசைந்துகொண்டு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தவன் கண்ணில், மூலையில் சாத்தியிருந்த ஏர்கள் பட்டன. ஒவ்வொரு ஏரின் நுனியிலும் ஒரு முழ நீளத்துக்கு நல்ல இரும்புக் கொழு.

முதல் கொழுவைக் கழற்றும்போதே நாயக்கர் மனைவி பூங்காவனம் பார்த்துவிட்டாள்.

“இன்னா வேம்புலி, ஏரப் போயி நோண்டிகினு கீறே?”

“நைனாவுக்கு எம்டன் வேணுமாம்மா. ஒழவுக்குள்ள திருப்பி மாட்டிடறேன்.”

பூங்காவனம் வேப்பமரத்தடியைப் பார்த்தாள். வெளியே மாடுகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

“இந்தச் சனியன் ஓடினாத்தான் கொட்டாய உட்டுப் போவும். அப்பத்தான் என் மாடு உள்ள வரும். எடுத்துக்கோ. ஆனா ஆடிக்குள்ள பத்தும் ஏருல இருக்கணும், ஆமா.”

ஒரு சின்னச் சங்கடம் மட்டும் இருந்தது. ஆடி வந்தால் ஊர்க் கொழுவெல்லாம் பட்டறையில் மலைபோலக் குவியும். எது யாருடையது என்று அடிதடி வராமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. நாயக்கர் வீட்டுக் குறி, அவருடைய தாத்தா உளியால் போட்ட மூன்று வெட்டு. எவ்வளவு அடித்தாலும் அது சில துண்டுகளில் மறையாமல் நின்றது.

நாயக்கர் அந்த மூன்று வெட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் தடவினார்.

“பாத்தியாடா? ஜெர்மன் கம்பெனி முத்திரை!”

வேம்புலி மூச்சு விட்டான். நாயக்கர் ஒரு நாளும் ஏர் பிடித்தவரல்ல. ஏர் பிடிப்பதை ஈசிசேரிலிருந்து மேற்பார்வை பார்த்தவர். அங்கிருந்து பார்த்தால் குறி தெரியாது.

ஆடியும் வந்தது. பத்துக் கொழுவும் காருக்குள் இருந்தன. அப்போதுதான் சர்க்கார் ‘அதிக உணவு உற்பத்தி’ செய்வதென்று முடிவு பண்ணியது. ஸ்பெஷல் ஆபீசர் சம்பத் ஆவடி ஸ்டேஷனில் வந்து இறங்குவார். நாயக்கரின் காரில் வருவார். நாயக்கரின் வயலில் முதல் உழவுச் சால் அவர் கையாலேயே விழும் என்று உத்தரவு வந்தது. எல்லாம் நல்லபடி முடிந்தால் நாயக்கருக்கு ‘ராவ் சாகிப்’ பட்டம் நிச்சயமென்று கமிட்டியில் பேசிக்கொண்டார்கள். நாயக்கர் அன்றே அந்தப் பட்டத்தோடு கையெழுத்துப் போட்டுப் பழக ஆரம்பித்தார்.

குறித்த நாள் காலையில் பூங்காவனம் வேம்புலியின் சட்டையைப் பிடிக்காத குறையாகப் பிடித்தாள்.

“ஆபீசரு ஏரு ஓட்டணுமாம். கொழு எங்கடா?”

“பக்கத்துல யாரையாச்சும் கேட்டு...”

“ஆடி மாசத்துல எவன் கொழு எரவல் குடுப்பான்? ஒரே ஒரு ஏருக்காவது மாட்டு. இல்லேனா பட்டமும் போவும், உன் தோலும் போவும்.”

வேம்புலி காருக்கடியில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தான். பத்துக் கொழுவில் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஆவடி போய்த் திரும்ப வேண்டும். என்ஜின் தாங்கியைக் கழற்றினால் என்ஜின் விழும். கவ்வியைக் கழற்றினால் சக்கரம் விழும். கீலைக் கழற்றினால் ஆபீசரே விழுவார். மிச்சம் இருந்தது பிரேக் கம்பி.

‘வந்த நாளா இந்த வண்டிக்கு ஓடத்தான் தெரியாது. நிக்கிறதுக்கு யாரும் கத்துக்குடுக்கத் தேவையில்லையே’ என்று நியாயம் சொல்லிக்கொண்டான். கம்பியைக் கழற்றி, மடக்கி, தட்டி, கூராக்கி, ஏரில் மாட்டினான். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டு ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டான். நாயக்கர் ஓட்டிக்கொண்டு போகும்போது, வேம்புலி நினைத்தபடியே, ஆவடி ஸ்டேஷன் வாசலில் கார் தானாகவே நின்றது.

திரும்பும்போதுதான் வந்தது வினை. ஆபீசர் தொப்பியும் ஃபைலுமாக ஏறி உட்கார்ந்ததும் காருக்கு என்ன தோன்றிற்றோ, ஒரே உதையில் கிளம்பியது. பருத்திப்பட்டு ஊரே பின்னால் பறந்தது. நாயைத் தாண்டியது, மாட்டு வண்டியைத் தாண்டியது. நாலு வருஷத்தில் ஓடாத ஓட்டத்தையெல்லாம் சேர்த்து ஓடியது.

“என்ன ஓய், அபாரமாப் போறதே!” என்றார் சம்பத்.

“ஜெர்மன் வேலை சார்!” என்றார் நாயக்கர்.

செந்நீர்க்குப்பம் தாண்டியதும் வயலும் பந்தலும் தெரிந்தன. கமிட்டி மெம்பர்கள் மாலையோடு நின்றார்கள். நாயக்கர் கம்பீரமாக பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். பிறகு கம்பீரத்தை விட்டுவிட்டு இரண்டு காலாலும் மிதித்தார்.

“வேம்புலி! நிக்க மாட்டேங்குதுடா!”

“ஜெர்மன் வண்டி நைனா! நாட்டுக்காரன் மிதிச்சா கேக்குமா?”

முட்டுக் கட்டையைப் போட்டான். கார் அதன்மேல் ஏறி இறங்கியது. மாலைகள் சிதறின. கார் வரப்பைத் தாண்டி ஈர வயலில் குதித்தது. குதித்த குதியில் என்ஜின் தாங்கி ஒரு பக்கம் விட்டுத் தொங்கி, நுனி மண்ணில் இறங்கிற்று. வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கயிறு பிடித்ததுபோல ஒரு நேரான உழவுச் சால் விழுந்தது. பிறந்த குணம் எங்கே போகும்? அந்தக் கோடியில் சக்கரங்கள் சேற்றில் புதைய, கார் நின்றது.

உழவு ஆரம்பித்ததும் கெட்டிமேளம் வாசிக்க வேண்டுமென்று நாயனக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் கடமை தவறாதவர். வாசித்தார்.

சம்பத் சேற்றிலிருந்து தொப்பியைப் பொறுக்கினார்.

“என்ன ஓய் இது?”

“சார் கவலைப்படக் கூடாது” என்றார் நாயக்கர். “உள்ள இருக்கிறதெல்லாம் அசல் ஜெர்மன். எம்டன் குண்டுல செஞ்சது!”

“எதிரி குண்டு மேல என்னை உக்கார வச்சு அழைச்சுண்டு வந்தீரா? ஏட்டு! இந்தியப் பாதுகாப்புச் சட்டம்! பிடி இந்த ஆளை!”

ஏட்டு எத்திராஜ் குடித்த மோரையெல்லாம் மறந்து நாயக்கரின் கையைப் பிடித்தார். ராவ் சாகிப் ஆக வேண்டியவர் வேலூர் ஜெயிலுக்குப் போக வேண்டியவராக ஆனார்.

வேம்புலி சேற்றில் நின்று யோசித்தான். வாயைத் திறந்தால் தோல் போகும். திறக்காவிட்டால் நைனா போவார். தோலாவது மறுபடி வளரும்.

“துரை, அது எம்டன் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். அம்மாம்பெரிய குண்டெல்லாம் ஒண்ணியும் கெடையாது. எல்லாம் இவரு ஊட்டு ஏரு கொழு.”

ஏட்டு பிடியைத் தளர்த்தினார். நாயக்கர்தான் விடவில்லை.

“பொய் சார்! அசல் எம்டன்! பிடிங்க ஏட்டையா, நல்லாப் பிடிங்க! கம்பெனி முத்திரை கீது, பாருங்க!” என்று ஒடிந்த தாங்கியைத் தூக்கிக் காட்டினார். மூன்று வெட்டு வெயிலில் பளபளத்தது.

பூங்காவனம் பந்தலிலிருந்து ஏரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் முகத்துக்கு நேராகக் கொழுவைத் திருப்பினாள். அதிலும் மூன்று வெட்டு.

“இது உங்க தாத்தா போட்ட வெட்டு. நாப்பத்தாறு வயசுல இப்பத்தான் பாக்குறீங்க போல. ஒண்ணு இங்க கீது, ஒம்போது உங்க ஜெர்மனில கீது.”

நாயக்கர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ... எங்க தாத்தா ஜெர்மன்காரனுக்கே முத்திரை போட்டுக் குடுத்திருக்காரா?” என்றார். அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை.

சம்பத் கெட்டிக்கார ஆபீசர். வந்த காரியத்தைச் செய்யவில்லை என்று மேலே எழுத முடியுமா? பந்தலில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார்: ‘முதல் சால் வெற்றிகரமாக உழப்பட்டது. மோட்டார் மூலம். எதிரி நாட்டு இயந்திரத்தைச் சுதேசி உழவுக் கருவிகளால் அடக்கி ஆண்ட வரத நாயக்கர் பட்டத்துக்குத் தகுந்தவர். ஆராய்ச்சி முடியும்வரை மேற்படி காரிலிருந்து எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது.’ எழுதிவிட்டு மாட்டு வண்டியில் ஆவடிக்குத் திரும்பினார்.

ஆராய்ச்சி தை மாசம் முடிந்தது. அதுவரை ஒன்பது கொழுவும் சேற்றில் சர்க்கார் காவலில் இருந்தன. மாடுகள் கொட்டகைக்குத் திரும்பி, ஒரு ஜோடி தவிர மற்றவை செய்ய வேலையில்லாமல் அசைபோட்டன. புது வருஷப் பட்டியலில் ராவ் சாகிப் பட்டம் வந்தது. வரிசையில் நின்று வாங்கிய ரேஷன் அரிசியில் பாராட்டு விருந்து நடந்தது. வேம்புலியும் நாலு வார்த்தை பேச வேண்டுமென்று கமிட்டியார் பிடித்துத் தள்ளினார்கள்.

“எம்டன்காரன் நூறு குண்டுக்கு மேல போட்டான்” என்று ஆரம்பித்தான் வேம்புலி. “பட்டணமே எழுந்து ஓட்ச்சு. ஆனா அந்த வருசம் இந்தக் கரையான்சாவடில ஒரு காணி தரிசாக் கெடந்துச்சா? கெடக்கல. நம்ப நைனா ஒரு குண்டும் போடல. ஒரே ஒரு வண்டி வச்சிகினு கீறாரு. ஒம்போது ஏரு நின்னுச்சு. நாப்பது காணி தரிசு. ஜெர்மன்காரன் கப்பல்ல வந்து முடியாதத, நம்பாளு ஊட்டுல இருந்துகினே முட்ச்சாரு. அத்தக் கண்டுதான் சர்க்காரு பட்டம் குட்த்துகீது. எல்லாரும் ஜோரா கைதட்டுங்க!”

முதலில் கை தட்டியவர் ராவ் சாகிப்தான்.