நாள் ஒன்றுக்கு இருநூறு கால்

அவள் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். ஆய்வேட்டின் பொருள் மரவட்டையின் நடை. வேலை பார்ப்பது ஒரு செருப்புக் கடையில். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அரசாங்கமே சிரிக்கவில்லை.

அவளுடைய தற்காலிக அனுமதி முடிய நாற்பது நாள் இருந்தது. அதற்குள் கடை முதலாளி அவளுக்கு வேலை விசா எடுத்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் அவளும் கணவனும் மகளும் பெட்டி கட்ட வேண்டியதுதான். மகளுக்குப் பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கும் வேடம் கிடைத்திருந்தது. நாடகத்துக்கு இன்னும் இரண்டு மாதம். கிடைத்த இடத்திலெல்லாம் கையை விரித்து, அசையாமல் நின்று பழகிக்கொண்டிருந்தாள்.

கடை வாசலில் நுழைகிறவர் நாலடி வைப்பதற்குள் அவருடைய அளவு என்ன, எந்த விரல் கடிக்கிறது என்று அவள் சொல்லிவிடுவாள். தனக்கே அது பிடிபடப் பத்து வருஷம் ஆயிற்று என்பார் முதலாளி. முப்பது வருஷமாகக் கால் அளக்கிறவர். இந்தத் திறமையைச் சொல்லியே விசா கேட்டுவிடலாமே என்று வக்கீலிடம் வெள்ளந்தியாகச் சொன்னார்.

"திறமைக்கெல்லாம் விசா கிடையாதுங்க," என்றார் வக்கீல். "படிச்ச படிப்பும் பார்க்கிற வேலையும் பொருந்தணும். நீங்க என்னம்மா படிச்சீங்க?"

"மரவட்டை சார்."

"மரவட்டையில என்ன?"

"கால். எந்தக் காலை முதல்ல எடுத்து வைக்குது, எதை அப்புறம் வைக்குதுன்னு."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கனிவோடு பார்த்தார். "செருப்புக் கடை. கால். இப்படி ஒரு பொருத்தம் என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை. போன வாரம் ஒருத்தர் மேகத்தைப் பத்திப் படிச்சிட்டு மெத்தைக் கடை வேலையோட வந்தார். அதையே சேர்த்து வெச்சேன்."

அன்று மாலைக்குள் அவள் 'பாத இயக்கப் பகுப்பாய்வு நிபுணர்' ஆனாள். குனிந்து அளவெடுப்பது 'நேரடிக் கள ஆய்வு' ஆயிற்று. நாடா கட்டிவிடுவது 'இறுதிக்கட்ட ஒருங்கிணைப்பு'.

"ஏணியில ஏறிப் பெட்டி எடுக்கிறது?" என்று முதலாளி கேட்டார்.

"உயர்மட்டப் பொறுப்புகள்."

முதலாளி அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். இவ்வளவு பெரிய ஆளையா இத்தனை நாள் கடை பெருக்கச் சொன்னோம் என்று இருந்தது அவருக்கு.

நேர்காணலுக்கு ஒரு வாரத்தில் அழைப்பு வந்தது. அதிகாரி கோப்போடு உள்ளே வந்து உட்கார்ந்தார். கதவிலிருந்து மேசை வரை ஏழெட்டு அடி. அவளுக்கு அது தாராளம்.

"மரவட்டை செருப்புப் போடுமா?"

"போடாது சார்."

'போடாது' என்று எழுதிக்கொண்டார். "மரவட்டைக்கு எத்தனை கால்?"

"நான் படிச்ச வகைக்கு இருநூறு சார்."

"மனுஷனுக்கு?"

"ரெண்டு."

அதிகாரி கால்குலேட்டரைத் தட்டினார். "இருநூறுக்கு ரெண்டு. பொருத்தம் ஒரு சதவீதம். குறைஞ்சது ஐம்பதாவது வேணும்மா. நான் என்ன செய்ய?" குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், உங்க ஷூ ஒரு அளவு சின்னது. இடது சுண்டு விரல் ரொம்ப நாளா கடிக்குது."

அதிகாரி மேசைக்கடியில் காலை இழுத்துக்கொண்டார். பிறகு கோப்பின் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அது விண்ணப்பத்தில் இல்லை."

வக்கீல் அசரவில்லை. மறுநாளே பதில் எழுதினார்: 'மேற்படிக் கடைக்கு நாளொன்றுக்கு நூறு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். ஆளுக்கு இரண்டு வீதம் இருநூறு கால். ஆகவே பொருத்தம் நூறு சதவீதம் எனப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.'

துறை இதை ஏற்றுக்கொண்டது. நேரில் வந்து எண்ணிப் பார்ப்பதாகவும் தெரிவித்தது.

"நம்ம கடைக்கு முப்பது பேர் வந்தாலே அதிசயம்," என்றார் முதலாளி.

"நான் கூட்டிட்டு வர்றேன் அண்ணா," என்றான் அவள் கணவன். மனைவிக்கு விசா கிடைத்தால்தான் அவனுக்கும்.

குறித்த நாளில் அதிகாரி வாசலோரம் படிவத்தோடு நின்றார். உட்கார்ந்தால் எண்ணிக்கை தவறும் என்பது விதி. மகளின் வகுப்புத் தோழர்கள் தாய் தகப்பனோடு வந்தார்கள். பக்கத்து முடிதிருத்துகிறவர் பாதி வெட்டிய தலைகளை அப்படியே அனுப்பிவைத்தார். வக்கீல் தன் மாமியாரைக் கூட்டிவந்தார். ஒரு கைக்குழந்தை வந்தபோது மட்டும் சிக்கல்.

"இது இன்னும் நடக்கலையே," என்றார் அதிகாரி.

வக்கீல் விதிப் புத்தகத்தை நீட்டினார். "கால்னுதான் சார் இருக்கு. நடக்கிற கால்னு எங்கேயும் இல்லை."

குழந்தைக்கும் அவள் முறைப்படி அளவெடுத்தாள். அது அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டது.

கடை மூட ஐந்து நிமிஷம் இருக்கையில் கணக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்றது. தெருவில் ஈ காக்கை இல்லை. முதலாளி தன் காலை நீட்டினார். வேலை கொடுப்பவர் கால் சேராது என்றார் அதிகாரி. விசாவைச் சார்ந்திருக்கும் கணவன் காலும் சேராது. ஆனால் பிள்ளை சேரும். எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். மகள் கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணு, வந்து உட்காரு. அம்மா அளவெடுக்கட்டும்," என்றான் கணவன்.

"நான் மரம்பா. மரத்துக்குக் கால் கிடையாது."

அதிகாரி எழுதிக்கொண்டார்: 'கால் கிடையாது.'

கணவன் தலையில் கை வைத்தான். அவள் ஏணியில் ஏறி ஒரு பெட்டியை எடுத்து வந்து, அதிகாரியின் முன்னால் முக்காலியைப் போட்டாள். காலையிலிருந்து நின்ற கால். அவர் முக்காலியைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார். அவள் பழைய ஷூவைக் கழற்றிப் புதியதை மாட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே எழுதினார்: நூற்றுத் தொண்ணூற்றொன்பது, இருநூறு.

விசா வந்தது. மூன்று வருஷத்துக்கு. மகள் மேடையில் முக்கால் மணி நேரம் மரமாக நின்றாள்.

விசாவோடு இரண்டு நிபந்தனைகளும் வந்தன. ஒன்று, இந்தக் கடையில் கால் அளப்பது விலங்கியல் பட்டதாரிக்கு மட்டுமே உரிய பணி என்று நிரூபணமாகியிருப்பதால், பட்டமில்லாத எவரும் இனி அளக்கக் கூடாது. முதலாளி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவில் போய் உட்கார்ந்தார். அவருக்கு அதிலும் பெருமைதான். வாடிக்கையாளர்களும் மாறிப்போனார்கள். "நீங்க தொடாதீங்க, நிபுணர் அம்மா வரட்டும்" என்று காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். முடிதிருத்துகிறவர் கரடியின் ரோமத்தைப் படித்தவர் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது நிபந்தனைப்படி, தினமும் கால்களை எண்ணிச் சான்றளிக்க ஓர் அறிவியல் பட்டதாரியைக் கடை நியமிக்க வேண்டும். ஆளைத் தேர்வு செய்ய வேண்டியவர் நிபுணர்.

அதற்கு முதலில் வந்தவர் அதிகாரிதான். ஒரு நாள் முழுக்கக் கால் எண்ணியவருக்கு அதற்கான படிப்பு உண்டா என்று துறை ஆராய்ந்து, இல்லை என்று கண்டு, அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

"என்ன படிச்சிருக்கீங்க சார்?" என்று கேட்டாள் அவள்.

"வானியல்மா. நட்சத்திரமே எண்ணினவன், கால் எண்ண மாட்டேனா?"

"நட்சத்திரத்துக்கு எத்தனை கால்?"

அவர் யோசித்தார். "பசங்க வரையறப்போ அஞ்சு போடுவாங்க."

'அஞ்சு' என்று அவள் எழுதிக்கொண்டாள். கல்லாவிலிருந்து முதலாளி, "பாவம்மா, சின்னஞ்சிறு பிள்ளைங்களை வெச்சிருக்கிறவர்," என்றார்.

அதிகாரி நாற்காலி நுனிக்கு வந்தார். "நீங்க கொடுத்த ஷூதான் போட்டிருக்கேன். விரல் இப்ப கடிக்கிறதே இல்லைம்மா."

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கோப்பின் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தாள்.

"அது விண்ணப்பத்தில் இல்லை சார்."