சைலன்சர் வாங்கியவனுக்குச் சூப் கரண்டியா?

அன்பு மச்சான் யோர்மாவுக்கு, குஹ்மோவிலிருந்து உன் அக்காள் கணவன் டாய்ஸ்டோ எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் ஹில்க்காவும் நாயும் நலம். அங்கே நீயும் உன் வேட்டைக் குழுவும் நலமாகத்தான் இருப்பீர்கள். என்னை ஓரங்கட்டியாயிற்று, இனி நலத்துக்கு என்ன குறைச்சல்?

துப்பாக்கியில் சைலன்சர் இல்லாதவனுக்குக் காட்டில் இடமில்லை என்று கூட்டத்தில் சட்டம் போட்டாய். சரி என்று கடைக்குப் போனேன். விற்கிற பெண் அதைக் கையில் கொடுத்துவிட்டு, "இது சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். காதுக்கும் கவசம் மாட்டிக்கணும் ஐயா" என்கிறாள். "அப்போ இந்தக் குழாய் எதுக்கும்மா?" என்று கேட்டால், "காதுல மிச்சம் இருக்கறதக் காப்பாத்த" என்கிறாள். என் காதில் மிச்சம் எவ்வளவு என்று இவளிடம் யார் கேட்டார்கள்? இரண்டையும் வாங்கித் தொலைத்தேன். துப்பாக்கி ஒரு சாண் நீண்டு கார்க் கதவில் இடித்தது, மரக்கிளையில் மாட்டியது, சுட்டுப் பழகியபின் சைலன்சரை வெறுங்கையால் கழற்றப்போய் உள்ளங்கை வெந்தது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேனே, அதற்கு நீ செய்த கைமாறு என்ன? போன சனிக்கிழமை மூஸ் மான் என் முதுகுக்குப் பின்னால் போனதாம், நாய் குரைத்ததாம், வாக்கி டாக்கியில் நீங்கள் அத்தனை பேரும் கத்தினீர்களாம், நான் சதுப்பு நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். அவ்வளவு பெரிய மான் பூனை மாதிரி நடந்தால் அது என் குற்றமா? காதை மூடச் சொன்னதும் நீதானே! "அந்தக் காதுக் கவசம் வெடிச்சத்தத்தை மட்டும் அடக்கும் அத்தான், மத்த சின்னச் சத்தத்தையெல்லாம் பெருசாக்கியே கேக்க வைக்கும். அதுல இருக்கற பட்டனை அமுக்கினீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாய். நாய் குரைப்பதைக் கேட்க எனக்கு எதற்கடா பட்டன்?

வேட்டையில் நான் முப்பது வருஷமாக நின்ற இடத்தை உன் மகள் சன்னிக்குக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் பட்டாணி சூப் காய்ச்சச் சொல்லி என் கையில் கரண்டியைக் கொடுத்தாய். எனக்கு அவமானமாக இருந்தது யோர்மா. அந்த இடமும் போனால் அக்டோபர் வேட்டை மாதத்தில் எனக்கு வேறென்ன இருக்கிறது? "உங்களுக்குக் காது போச்சு, நான் கத்திக் கத்தியே குடும்பம் நடத்துறேன்" என்கிறாள் உன் அக்கா. அவள் முணுமுணுக்கிறாள், அதுதான் விஷயம். என் இடத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் குழுவை விட்டே விலகுகிறேன்.

சன்னிக்கு ஆசிகள், உன் மனைவிக்கு அன்பு, உனக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை.

காது நன்றாகக் கேட்கும்,
டாய்ஸ்டோ

பின்குறிப்பு: நீ சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் கவசத்தை மாட்டி, பட்டனை அமுக்கி, விறகுக் கொட்டகைப் பக்கம் போனேன். மர உச்சியில் பொன்கொண்டைக் குருவி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குருவிகள் நம் காட்டை விட்டே போய்விட்டன என்று பல வருஷமாக நினைத்திருந்தேன். "எங்க போச்சு? தெனமும் இங்கதான் கத்துது" என்றாள் ஹில்க்கா. மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது, அழுதுவிட்டேன். என் இடத்தைச் சன்னியே வைத்துக்கொள்ளட்டும். ஒரு தோட்டாகூடக் காதை மூடாமல் சுடக் கூடாது என்று அவளிடம் சொல்.