பேரனை இங்கே அனுப்ப வேண்டாம், மண் சரியில்லை

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகமா என்று கேட்டால், பதில் தெரிய இருபது முப்பது வருடம் ஆகுமாம்; ஆகவே அந்த வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை என் மகளையும் பேரனையும் மூன்று மாதம் இங்கே இருக்க அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். போனில் சொன்னால் மகள் பக்கத்திலிருந்து கேட்டு, அப்பாவுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேனா என்று அழுவாள். அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். பேரன் தவழ இடம் வேண்டுமே என்று, இரண்டு மாதத்துக்கு முன்பு, வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டை நானே கடப்பாரை போட்டு வெட்டிச் சமன் செய்தேன். உள்ளே பச்சைக் கல், அதன் வெடிப்பில் வெள்ளை வெளேரென்று நார். முப்பத்தாறு வருடம் நூற்பாலையில் பஞ்சு பார்த்த கை சும்மா இருக்குமா? ஒரு கொத்தைப் பிய்த்து விரலால் இழுத்து இழை நீளம் பார்த்தேன், வாயால் ஊதிப் பிரித்தேன், மூக்குக்கிட்ட வைத்து ஈரம் பார்த்தேன். முதல் தரம், சம்பந்தி! தொடையில் வைத்துத் திரித்ததில் இரண்டு முழம் நூலே வந்துவிட்டது. தெரு முழுக்கக் காட்டிவிட்டு, போன வாரம், ரோடு போட மண் பரிசோதிக்க வந்த அதிகாரியம்மாவிடமும் நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை. இரண்டடி பின்னால் போய் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, "கையைத் தட்டாதீங்க சார், அப்படியே நில்லுங்க" என்றார். அது கல்நாராம், ஆஸ்பெஸ்டாஸ். "நம்ம வீடு காங்கிரீட் கூரைம்மா, அந்தப் பிரச்சினையே இல்லை" என்றேன். "கூரையில இல்ல சார், உங்க காலுக்குக் கீழ இருக்கு. யாரும் கொண்டுவந்து போடல, மண்ணோட மண்ணா தானா இருக்கறது. கிளறாத வரைக்கும் சும்மா கிடக்கும். காய்ஞ்சு, தூசியாப் பறந்து மூச்சுல போனாத்தான் ஆபத்து. அதுவும் இன்னைக்குத் தெரியாது, இருபது முப்பது வருஷம் கழிச்சு நுரையீரல்ல தெரியும்" என்றார். மண்ணை எடுத்துப் போய்ச் சோதித்து, நேற்று ஆமாம் என்று காகிதமே கொடுத்துவிட்டார்கள்.

அந்த அம்மா வந்துபோனதிலிருந்து வீடு வீடா இல்ல. பெருக்கக் கூடாது, ஈரத்துணியால துடைக்கணும்னாங்க. துடைப்பத்தைப் பிடுங்கி வெச்சதுக்கு என் வீட்டுக்காரி மூணு நாளா என்னோட பேசறதில்ல. நான் தூசி பறக்கக் கூடாதுன்னு காலையிலேர்ந்து பின்பக்கம் தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கேன், அந்தச் சேத்துல வழுக்கி விழுந்து இடுப்பு போச்சு, தூக்கிவிட ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரரை, மொதல்ல செருப்பைக் கழுவுங்கன்னு கத்தினேன், அவரும் கோவிச்சுக்கிட்டு என்னைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டார். யாராவது தும்மினா நானும் என் வீட்டுக்காரியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கறோம். எனக்கு அறுபத்தேழு வயசு, முப்பதைக் கூட்டினா தொண்ணூத்தேழு, அதுக்குள்ள வேற ஏதாவது முந்திக்கும். பேரனுக்குப் பதினோரு மாசம். அவனுக்கும் முப்பதைக் கூட்டிப் பார்த்தேன் சம்பந்தி, முப்பத்தொண்ணுகூட முழுசா ஆகல. எனக்குப் பயமா இருக்கு. அவன் உங்ககிட்டயே இருக்கட்டும். மண்ணே கண்ணுல படாத மூணாவது மாடி உங்க வீடு, அதைவிடப் பத்திரம் வேற எங்க இருக்கு?

மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் ஆசிகள். பேரன் நூறு வருடம் நல்ல மூச்சு விட்டு வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் வேண்டும்,
பயந்துபோன சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்துக் காட்டியதும் என் வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். போன மாதம் மருமகன் காரில் தங்களுக்கு ஆறு பூந்தொட்டி ஏற்றிவிட்டாளே, அதில் இருப்பது இந்த மேட்டு மண்தானாம். "சம்பந்தி வீட்டுக்குப் போறது, கட்டி கட்டியா இருந்தா நம்மள என்ன நினைப்பாங்க? அதான் இடிச்சு, மூணு தரம் சலிச்சு, மாவாட்டம் ஆக்கிப் போட்டேன்" என்கிறாள். மகள் அனுப்பிய வீடியோவில் பேரன் இரண்டு கையாலும் எதையோ அள்ளித் தலைக்கு மேல் வீசிச் சிரிக்கிறானே, அது என்ன என்று இப்போதுதான் புரிகிறது. தங்கள் வீடுதான் பத்திரம் என்று மேலே எழுதியதை நம்ப வேண்டாம். பெருக்காதீர்கள். தொட்டிகளில் தண்ணீரை ஊற்றிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே வாருங்கள். எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கேயும் வர வேண்டாம். தயவுசெய்து போனை எடுங்கள், ஏழாவது தடவையாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.