தாழ்ப்பாளும் மோட்டாரும்

கையில் மைக் கிடைத்த குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு மூளை தேவைப்படுவதில்லை. திருவேற்காட்டில் எங்கள் அடுக்குமாடிக்கு அந்தச் செயலாளர் அடியேன்தான். தண்ணீர்த் தொட்டி வழிந்துவிடக் கூடாதென்று, எதிரில் வருகிறவர்களையெல்லாம் மடக்கி "மோட்டார் ஆஃப் பண்ணியாச்சா?" என்று கேட்பதே என் பிரதான மக்கள் பணி.

மகளிர் தின விழா வந்தது. அடுத்த ஞாயிறு சங்கத் தேர்தல். பெண்கள் ஓட்டு விழாவிட்டால் பதவி போச்சு. மேடையேறப் போனவன், முன்வரிசையில் பல மடிகளில் ஒரே புத்தகத்தைப் பார்த்தேன். 'தாழ்ப்பாள்: பெண்கள் எழுதிய, பெண்களுக்கான கதைகள்.'

அந்த மாதம்தான் எங்கள் பிளாக்கில் இரண்டு வீடுகளில் பூட்டை உடைத்திருந்தார்கள். வீட்டுப் பாதுகாப்புக்குப் பெண்களே கதை எழுதிவிட்டார்களே! புல்லரித்துப்போய், மூன்றாம் மாடி கோமதி அக்காவின் மடியிலிருந்து அதை எடுத்தேன்.

"ஐயோ தம்பி, அது வேணாம்!"

"கூச்சப்படாதீங்கக்கா. எல்லாருக்கும் உபயோகப்படும்."

என் மனைவி சுமதி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். (பெருமிதம் என்று நினைத்தேன்.)

ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, செய்தி வாசிக்கும் குரலில் ஆரம்பித்தேன்.

"'அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.' கவனியுங்கள்! சாத்தினால் மட்டும் போதாது!"

கைதட்டல்.

"'விளக்கை அணைத்தாள்.' மின்சாரமும் மிச்சம்!"

விசில்.

"'அவன் கழுத்தோரம் அவள் உதடுகள்...'"

உதட்டுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மூளை யோசிக்க ஆரம்பித்தபோது, வாய் இரண்டு வரி தாண்டி ரவிக்கைக் கொக்கிக்கு வந்துவிட்டது. காது கொதித்தது. நிறுத்தினால் மானம் போகும். பக்கத்தின் கீழே எங்காவது ஒரு திருடன் வராமலா போய்விடுவான்? (நம்பினேன், மடையன்!) கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பத்திக்குத் தாவினேன்.

"'அவள் மூச்சு அவன் காதில் சுட்டது. அவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்து கேட்டான்...'"

நான் படிப்பதற்குள் மொத்தப் பெண்களும் கோரஸாகச் சொன்னார்கள்:

"மோட்டார் ஆஃப் பண்ணியாச்சா?"

புத்தகத்தைப் பார்த்தேன். எழுத்துப் பிசகாமல் அதேதான்.

கடைசி வரிசையிலிருந்து வாட்ச்மேன் தனபால் எழுந்தார். "இன்னா சார், உன் டயலாக்கு பொஸ்தகத்துல வந்துகீது!"

மைக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "சுமதி, அது நீ எழுதினதா?"

"'அல்லி'ன்னு வேற பேர்லதாங்க போட்டேன். அந்த ஒரு வரியில எல்லாரும் கண்டுபிடிச்சிட்டாங்க."

"அப்ப... அந்தக் கழுத்து, உதடு எல்லாம்?"

"மோட்டார் மட்டும்தாங்க நிஜம். மத்ததெல்லாம் கற்பனை."

தேர்தலில் பெண்கள் ஓட்டு அத்தனையும் எனக்கே விழுந்தது. அனுதாப அலை.

சில நாள் கழித்து, சுமதி விளக்கை அணைத்துவிட்டு, வேண்டுமென்றே நிதானமாகக் கேட்டாள்.

"என்னங்க, மோட்டார்?"

"ஓடட்டும்" என்றேன்.

மறுநாள் காலை மாடிப்படி முழுக்க வெள்ளம். இப்போதும் எங்கள் பிளாக்கில் தொட்டி வழிந்தால் ஒருவரும் புகார் செய்வதில்லை. கோமதி அக்கா மட்டும் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி கீழே இறங்கிக்கொண்டே குரல் கொடுப்பார்:

"சுமதி, அடுத்த கதை ரெடி போல!"