துண்டுக்கு அடியில் பேசிய விலை

அந்த வாரம் சந்தைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போவது, மனைவியோடு அரை நாளாவது பேசிவிட்டுத் திரும்புவது என்று பால்காரர் முடிவு செய்தார். மாட்டை விற்கிற எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது.

கட்டிய மனைவியோடு பேச ஒரு மனிதன் மாட்டைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போவானா என்று கேட்கலாம். அவர் வீட்டு நிலைமை அப்படி ஆகிவிட்டது.

முன்பெல்லாம் இருவரும் சேர்ந்துதான் மூன்று மாடுகளை வைத்துக் குடும்பம் நடத்தினார்கள். பாலுக்கு வாங்குகிறவன் விலை வைத்தான். தவிட்டுக்கு விற்கிறவன் விலை வைத்தான். நடுவில் இவர் மாட்டை மட்டும் வைத்திருந்தார். மாதக் கடைசியில் கணக்கில் துண்டு விழும். வெயில் காலத்தில் தீவனம் கிடைக்காமல் ஊரே மாட்டைச் சந்தைக்கு ஓட்டும், இவரும் ஓட்டுவார். எல்லோரும் விற்கப் போனால் விலை எங்கே நிற்கும்? தரகர் சொன்னதுதான் விலை.

அப்படி ஒரு தடவை கன்றுக்குட்டியை விற்கப் போனபோது மனைவியும் கூடப் போயிருந்தாள். பணத்தை வாங்கிக்கொண்டு இருவரும் டீ குடித்தார்கள். டம்ளரில் பாதி இறங்குவதற்குள், அதே தரகர் அதே கன்றை அடுத்த வரிசையில் ஒன்றரை மடங்கு விலைக்குத் தள்ளிவிட்டதை அவள் பார்த்தாள். அடுத்த சந்தைக்குத் தரகர்களைப் போல ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாதாமாதம் கணக்கில் விழுந்த துண்டு அவள் தோளில் வந்து விழுந்தது அன்றைக்குத்தான்.

சந்தையில் முதலில் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. அக்கம்பக்கத்தில் நடக்க முடியாதவர்கள், வண்டி வாடகைக்கு வழியில்லாதவர்கள் வீட்டுக்குப் போய் ஆடு மாடு வாங்கினாள். எந்தச் சந்தையில் என்ன விலை என்று காலையிலேயே போன் போட்டு விசாரித்தாள். மற்ற தரகர்களை விடக் கூடுதலாகக் கொடுத்தாள், கையோடு கொடுத்தாள். சீக்கிரமே 'சந்தைக்காரம்மா' என்று பெயர் வந்தது. ஒழுகிய கூரை ஒழுகாமல் ஆனது. வெளியாட்களிடம் பால்காரர் மனைவியைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினார். பேசுவதற்கு வெளியாட்கள்தான் இருந்தார்கள்.

விடிவதற்குள் அவள் கிளம்பிவிடுவாள். மூடி வைத்துவிட்டுப் போன சோற்றை அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் திரும்பி வந்தாலும் காதில் போன் இருக்கும், போனில் யாருடைய ஆடாவது இருக்கும். தூரத்தில் கட்டிக்கொடுத்த மகள் எப்போதாவது கூப்பிடுவாள். "அம்மா இருக்காங்களாப்பா?" என்பாள். இல்லை என்றதும் சரிப்பா என்று வைத்துவிடுவாள். வைத்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பார்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். மருந்துக்கடைப் பையன் மாத்திரையோடு வந்தான். தொட்டி கசிகிறது என்றார். கொத்தனார் வந்தார். அவர் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் ஓர் ஆள் வந்தார், அவள் வரவில்லை. மாட்டிடமே பேசிப் பார்த்தார். அது காதை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. ஆனால் தீவனம் தீர்ந்ததும் அதுவும் திரும்பிப் படுத்துக்கொண்டது.

வழி காட்டியது பக்கத்து வீட்டு ஆட்டுக்கார அக்காதான். ஓர் ஆட்டை விற்கப் போய்விட்டு வந்து, வேலி ஓரமாக நின்று சொன்னாள்: "உங்க வீட்டுக்காரம்மாவுக்கு எவ்வளவு பொறுமைங்க. என் முழங்கால் வலி, மருமக சண்டை எல்லாத்தையும் உக்காந்து கேட்டாங்க. அப்புறம்தான் விலையே பேசினாங்க."

பால்காரருக்குப் பொறி தட்டியது. அவளோடு உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் கையில் விற்கிற மாதிரி ஓர் உருப்படி இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

யாரும் தர முடியாத விலையாக நாற்பதாயிரம் சொல்வது, எதற்கும் இறங்கி வராமல் இருப்பது, பொழுது சாய்ந்ததும் மாட்டோடு திரும்பிவிடுவது. நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவள் சந்தைக் கொட்டகை ஓரத்தில் பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நாலைந்து பேர் கயிறும் கையுமாகக் காத்திருந்தார்கள். புருஷனாயிற்றே என்று யாரும் வழி விடவில்லை. முறை வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

"என்ன, இவ்வளவு தூரம்?" என்றாள்.

"மாடு விக்க வந்தேன்."

அவள் மாட்டைப் பார்த்தாள். அது பிறந்தபோது கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தியவள், இப்போது முன்பின் பார்க்காத மாடுபோல வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், மடியைத் தடவினாள்.

"எத்தனாவது ஈத்து? எத்தனை கன்னு போட்டிருக்கு?"

"உனக்குத் தெரியாதா?"

"சந்தையில கேட்டுத்தான் ஆகணும். சொல்லுங்க."

"ரெண்டு."

உட்காரச் சொன்னாள். துண்டை எடுத்து இருவர் கையையும் மூடினாள். விலை மற்றவர் காதில் விழாமல் இருக்க, அந்தச் சந்தையில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். முதலில் பிடிக்கிற விரல்கள் பத்தாயிரக் கணக்கு, அடுத்துப் பிடிப்பவை ஆயிரக் கணக்கு. பால்காரர் நாலு விரலைப் பிடித்துத் தன் விலையைச் சொன்னார். அவள் மூன்று விரலைப் பிடித்தாள், பிறகு ஐந்தையும் சேர்த்துப் பிடித்தாள்.

முப்பத்தைந்து. நியாயமான விலைதான். ஆனால் அவர் மனம் விலையில் இல்லை.

கல்யாணமான புதிதில் பிடித்த கை. அதற்குப் பிறகு பாத்திரம் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் பட்டதோடு சரி. உள்ளங்கை கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போயிருந்தது. சூடாக இருந்தது. அவர் முடியாது என்று தலையசைத்தார். அவள் மறுபடியும் விரலைப் பிடித்தாள். மறுபடியும் தலையசைத்தார். நடுவில் பேச்சுக் கொடுத்தார். மகள் போன் செய்ததைச் சொன்னார். தொட்டி இப்போது கசியவில்லை என்றார். காலையில் பால் கறக்கும்போது தனியாகச் சிரித்த ஏதோ ஒரு விஷயத்தைக்கூடச் சொன்னார். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டாள், விரல்களைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பேரம் என்றால் வாங்குகிறவர் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இங்கே அவள் இறக்கிக்கொண்டே போனாள். முப்பத்து நாலு. முப்பத்திரண்டு. அவர் கவனிக்கவில்லை. பிறகு இரண்டு விரலைப் பிடித்தாள். அடுத்து ஐந்தையும் சேர்த்து அழுத்தினாள், விட்டுவிட்டு இன்னும் மூன்றைப் பிடித்தாள். எட்டு என்று சொல்ல இரண்டு தடவை பிடிக்க வேண்டியிருந்தது. இவ்வளவு நேரம் பிடித்திருக்கிறாளே என்று நெகிழ்ந்துபோய் அவர் தலையாட்டிவிட்டார்.

அவள் துண்டை உருவினாள். "இருபத்தெட்டு. முடிஞ்சது."

"நான் விக்கிறதாவே இல்லையே," என்றார் பால்காரர்.

"தலையாட்டினீங்களே."

"பேச்சு சுவாரசியத்துல ஆட்டிட்டேன்."

"பின்னாடி ஆறு பேர் வெயில்ல நிக்கிறாங்க. பேசறதுக்காக வந்தா, அதுக்கும் சேர்த்துத்தான் விலை," என்று மெதுவாகச் சொன்னாள். பக்கத்திலிருந்த கிழட்டுத் தரகரும் தன் பங்குக்கு, சந்தையில் தலையாட்டினால் விற்றதாகத்தான் அர்த்தம் என்று எடுத்துச் சொன்னார்.

அவர் அங்கே நிற்கும்போதே வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து மாட்டைப் பார்த்தார். வந்தவர் கையும் துண்டுக்குள் போனது. முப்பத்தெட்டுக்குப் பேசி முடிந்தது என்று பிறகு தெரிந்தது. பத்தாயிரம் போனது பால்காரரை அவ்வளவாக உறுத்தவில்லை. அந்த ஆளோடு பேரம் சட்டென்று முடிந்துவிட்டதே, அதில் அவருக்கு ஒரு நிம்மதி.

தனியாகத்தான் திரும்பினார். கொட்டிலில் ஒரு கறவையும், இன்னும் கன்று போடாத ஒரு கிடாரியும் மிச்சம் இருந்தன. காலியாக நின்ற முளைக்குச்சியைப் பார்க்காமல் இரண்டுக்கும் தண்ணீர் காட்டினார். வீட்டுக்குள் நடந்தால் தன் காலடிச் சத்தமே பெரிதாகக் கேட்டது.

இருட்டும் நேரத்தில் அவள் வந்தாள். அதிசயமாகக் காதில் போன் இல்லை. முகம் கழுவிவிட்டு வந்து அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கையை இருவருக்கும் நடுவில் விரித்து வைத்தார். அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து அதில் வைத்தாள்.

"தரகு கழிச்சிருக்கேன்," என்றாள்.

அவர் கையை மடக்கவில்லை. அவளும் எழுந்து போகவில்லை.

"மகள் என்னமோ சொன்னாள்னு சொன்னீங்க. கூட்டத்துல சரியா காதுல விழல."

சொல்லலாம் என்று அவர் வாயைத் திறந்தார். அதற்குள் போன் அடித்தது. அவள் எழுந்தாள். வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் கிடாரியைப் பிடிச்சிட்டு வாங்க. மத்தியானத்துக்கு மேல வாங்க, கூட்டம் இருக்காது. நிதானமா பேசலாம்."

பால்காரர் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான், தலையாட்டினால் விற்றதாக அர்த்தம் என்பது ஞாபகம் வந்தது.